பிரித்துப் பார்க்காத மெத்தை

பிஷ்கெக்
பிப்ரவரி 11

எசென்,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. ஜெயிலில் இருப்பவன் என்ன நலமாக இருப்பான், அதனால் கேட்கவில்லை.

செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? காலையில் துணிக்கடையைத் திறந்துகொண்டிருக்கிறேன், உன்னோடு ஓஷிலிருந்து இங்கே டாக்சி ஓட்டும் அக்மத் வந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான். கணவாய்க்கு முன்னாலேயே சோதனைச் சாவடியில் உன் வண்டியை மடக்கி, டிக்கியில் ஹெராயின் எடுத்தார்களாம். பக்கத்துக் கடை சனிபார் தேநீர்க் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் சந்தை முழுக்க எனக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டது. ஆறுதல் சொல்கிற வாய்கள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அம்மா போனபின் உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். பட்டாளத்திலிருந்து திரும்பிய வருஷம் நீ கஞ்சா இழுத்ததை மூடி மறைத்தவளும் நான்தான். அப்போதே உன் காலை உடைத்து வீட்டில் போட்டிருக்க வேண்டும். அய்கெரிமுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து காதில் தோடு போட்டு உறுதி செய்துவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூனில் கல்யாணம். மாமன்காரன் ஹெராயின் கேசில் உள்ளே. நல்ல சீர் கொண்டு வந்தாய், போ.

உன்னைப் பார்க்க அனுமதி கேட்டேன். விசாரணை முடியும் வரை சொந்தக்காரர் யாரும் பார்க்கக் கூடாதாம். கடிதம் மட்டும் எழுதலாமாம், அதையும் அவர்கள் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும். என் தம்பி எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

உன் அத்தான் ஷெர்மத் ஒருவர்தான் ஓடி ஓடி அலைகிறார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. விசாரணை அதிகாரி கூப்பிட்டுக்கொண்டு வந்த வக்கீல் தோல்கனோவோடு அவரே பேசி, பணமும் கொடுத்து, கேசை ஒப்படைத்திருக்கிறார். அந்த வக்கீல் சொல்கிறபடி நட. உன் மூளையை உபயோகிக்காதே, அது உபயோகப்பட்ட லட்சணம்தான் தெரிகிறதே.

சைராகுல்


ஓஷ், விசாரணைக் கைதிகள் சிறை
பிப்ரவரி 26

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே நடந்துவிட்டேன். கடிதம் வந்த மறுநாள் வக்கீல் வந்தார், காகிதமும் பேனாவும் கொண்டு வந்தார். நல்ல மனிதர். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. சரக்கு என்னுடையது, எனக்காகவே வைத்திருந்தேன் என்று எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். "உங்க அக்காவும் இதைத்தான் விரும்பறாங்க"ன்னு சொன்னார். உங்கள் கடிதத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன், அதனால் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

முதல் நாள் நான் சொன்னது வேறு. வக்கீல் யாரும் வருவதற்கு முன்னால், அதிகாரி கேட்டான்: "யாருக்குக் கொண்டு போறே?" நான் சொன்னேன்: "அது அமானத். ஒருத்தர் நம்பிக் கொடுத்தது. கொண்டு போய்ச் சேர்த்துடணும், அவ்வளவுதான் என் வேலை." அவன் எல்லாவற்றையும் ருஷ்ய மொழியில் எழுதுகிறவன். அமானத் என்பதற்கு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். பிறகு "இன்னொருவருக்குக் கைமாற்றும் நோக்கத்தோடு" என்று எழுதினான். சட்டத்தில் அதற்குத்தான் பெரிய தண்டனை என்று அறையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். காசு வாங்காவிட்டாலும் கைமாற்றினால் விற்றமாதிரிதானாம்.

ஓஷ் ஸ்டாண்டில் தினமும் யாராவது ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "என் மகனிடம் சேர்த்துடுங்க" என்கிறார்கள். நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொள்கிறோம். பிரித்துப் பார்க்கிறவன் டிரைவரே இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

அத்தானுடைய அலைச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது என்று சொல்லுங்கள். அய்கெரிமின் கல்யாணத்தைக் குறைவில்லாமல் நடத்துங்கள். சீரில் ஒரு மெத்தை குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எசென்


பிஷ்கெக்
மார்ச் 14

எசென்,

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? உன் மூக்கைத் துடைத்துவிட்ட கை இது. மதிப்புக்குரிய அக்காவாம். மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுகிறாயா?

அது ஒரு பக்கம் இருக்கட்டும். உன் கடிதத்தை சனிபாருக்குப் படித்துக் காட்டினேன். அவளுடைய மூத்தவன் இதே மாதிரி ஒரு கேசில் மாட்டியவன், இன்னும் உள்ளே இருக்கிறான். அவள் சிரித்துவிட்டாள். "போலீஸ் கூட்டிக்கிட்டு வந்த வக்கீலா? சட்டைப்பை வக்கீல்டி அவன். அவங்களுக்கு வேணும்னா எடுப்பாங்க, வேலை முடிஞ்சா உள்ள வெச்சுக்குவாங்க. என் பையன் கையெழுத்துப் போட்டதும் இப்படி ஒருத்தன் சொல்லித்தான்." சிரித்தவள் கடைசியில் அழுதாள்.

பிறகு நானே வக்கீல் தேடிப் போனேன். முதலில் போனவனுடைய மேஜை மேல் பெரிய மனிதர்களோடு எடுத்த போட்டோக்கள். நீதிபதியும் அவனும் ஒரே ஊராம், வசந்த விழாவுக்குள் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவானாம். கேசு என்ன என்றே கேட்கவில்லை. இன்னொருவன் நல்லவன்தான், ஆனால் வீட்டுப் பத்திரம் பார்க்கிறவன். குற்ற வழக்கு எடுப்பதில்லை என்று உண்மையைச் சொல்லி, ரகீமா இசகோவ்னாவின் முகவரியை எழுதிக் கொடுத்தான்.

அந்த அம்மாவின் அறையில் போட்டோவும் இல்லை, கம்பளமும் இல்லை. உரிமச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்ட பிறகுதான் பேச்சு என்றார். விட்டுவிடுவார்களா என்று கேட்டேன். "தெரியாதும்மா. தெரியும்னு சொல்றவங்ககிட்ட போகாதே"ன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருப்பேன். ஆனால் அவர் உன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். அமானத் என்ற வார்த்தையின் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சரக்கு உன் வண்டியில் இருந்தது என்பது மட்டும் குற்றம் ஆகாது. அது என்னவென்று தெரிந்தே நீ வைத்திருந்தாயா என்பதுதான் கேள்வி. தெரியாது என்றால் குற்றம் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று வெறுமனே சொன்னால் எல்லோரும் சொல்வதுதான், யாரும் நம்பமாட்டார்கள். யார் கொடுத்தது, யாருக்குப் போகிறது என்று நீ சொல்ல வேண்டும். முதல் நாள் வக்கீல் இல்லாமல் எழுதியதை அவர் கோர்ட்டில் எதிர்ப்பார். இரண்டாவது கையெழுத்துதான் அவருக்குப் பெரிய தலைவலி. "இத்தனை சரக்கை ஒருத்தன் தனக்கே இழுக்க வெச்சிருந்தான்னா எந்த நீதிபதி நம்புவான்? இது தண்டனையைக் குறைக்கிற வாக்குமூலம் இல்ல. விசாரணையை இவனோட நிறுத்தற வாக்குமூலம்." இதைச் சொல்லிவிட்டு, தோல்கனோவுக்குப் பணம் கொடுப்பது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் உன் அத்தான் குதித்தார். "அந்தப் பொம்பள எதுக்கு இப்ப? எல்லாம் பேசி முடிச்சாச்சு. கிளறாதே." இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. உன்னால் எங்கள் வீட்டிலும் சண்டை வந்தாயிற்று, சந்தோஷமா?

தோல்கனோவ் வேண்டாம், ரகீமா இசகோவ்னா போதும் என்று உன் கையால் எழுதிக் கொடு. அவர் அடுத்த வாரம் ஓஷ் வருகிறார், இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். யாரை மறைக்கிறாய்? பொம்பளையா? எவளாக இருந்தாலும் சொல்லித் தொலை.

மெத்தைக் கணக்கு உனக்கு எதற்கு? உன் அத்தானுடைய ஓஷ் சின்னம்மா இந்தத் தடவை மெத்தை தைக்கவே இல்லை. கண் சரியாகத் தெரியவில்லையாம், அவர்தான் சொன்னார். நானே வெளியில் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


ஓஷ்
மார்ச் 30

அக்கா,

இந்தக் கடிதம் ரகீமா இசகோவ்னா கையில் வருகிறது. நடுவில் யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்னம்மா மெத்தை தைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒன்று நீ நன்றாக நடிக்கிறாய், இல்லாவிட்டால் உனக்கு ஒன்றுமே தெரியாது. உனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே அந்த வரியைப் படித்தபிறகுதான். அதுவரை தோன்றவில்லை. இதை நீ தெரிந்துகொள்வது நல்லது.

சின்னம்மா மெத்தை தைத்தாள். நீல வெல்வெட் கரை வைத்து, நடுவில் ஆட்டுக்கொம்புக் கோலம் போட்டு, அய்கெரிமுக்காகத் தைத்தாள். அத்தான் எனக்குப் போன் பண்ணினார். "சின்னம்மா மெத்தை தெச்சிருக்காங்க, என் சிநேகிதன் ஸ்டாண்டுக்குக் கொண்டு வருவான், வீட்டுல சேர்த்துடு மச்சான்" என்றார். சிநேகிதன் கொண்டு வந்தான். நெஞ்சில் கைவைத்து வாங்கி டிக்கியில் வைத்தேன். சாவடியில் அவர்கள் வேறு எதையும் தொடவில்லை. நேராக மெத்தையைத் தூக்கிக் கத்தியால் கிழித்தார்கள். யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கம்பளிக்குள்ளே சரக்கு இருந்தது.

உன் வீட்டுக்கு வர இருந்த மெத்தை, அக்கா. உன் பெண்ணின் சீர். அது உனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தேன். அப்போதுதான் உன் முதல் கடிதம் வந்தது. யார் கொடுத்தது என்று நீ கேட்கவே இல்லை. அத்தான் அலைகிறார், வக்கீல் சொல்கிறபடி நட என்று எழுதியிருந்தாய். என்னை வளர்த்ததையும் சொல்லிக் காட்டியிருந்தாய். வளர்த்ததற்குக் கைம்மாறு கேட்கிறாய் என்று நினைத்துத்தான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்றுதான் "நீங்கள்" போட்டேன்.

வக்கீல் அம்மா பேரைச் சொல் என்கிறார். நான் சொல்ல மாட்டேன். சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் அய்கெரிம் காதிலிருந்து தோட்டைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பெண் என் தோளில் வளர்ந்தவள். நான் உள்ளே இருந்தால் எனக்காக அழ யாருமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். உனக்குத் தெரியுமா?

எசென்


பிஷ்கெக்
மே 19

எசென்,

தெரியாது.

இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவை பேனாவை எடுக்கும்போதும் அதைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது. உன் அத்தான் மேல் வந்ததைவிட உன் மேல் அதிகம் வந்தது. அவன் வெளியிலிருந்து வந்தவன். நீ என் கையில் சோறு தின்றவன். என்னைப் பற்றி அப்படி நினைக்க உனக்கு எப்படி முடிந்தது?

உன் கடிதம் வந்த அன்று அடுக்கி வைத்த மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். நீலக் கரை எதிலும் இல்லை. ஓஷுக்குப் போன் போட்டு சின்னம்மாவிடம் கண் எப்படி இருக்கிறது என்றேன். "கண்ணுக்கென்ன கேடு? மெத்தை நல்லா இருக்கா? ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றாள், பாவம். கம்பளி போதவில்லை, நல்லதாகப் போட்டுத் தருகிறேன் என்று ஷெர்மத்தின் சிநேகிதன் முடிந்த மெத்தையைப் பிரித்து எடுத்துப் போனானாம். தன் தையலைப் பிரித்தது அவளுக்கு இன்னும் வருத்தம்.

ஷெர்மத்திடம் கேட்டேன். கத்தவில்லை. தேநீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கேட்டேன். ஒரே தடவைதான், கல்யாணச் செலவுக்குத்தான் என்றான். பிறகு சொன்னான், அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "உன் தம்பிக்குக் குழந்தையா குட்டியா? நமக்கு இருக்கு. அவன் கொஞ்ச வருஷம் இருந்துட்டு வரட்டுமே. நான் பார்த்துக்க மாட்டேனா?" எசென், அவன் அதைக் கெட்டவனாகச் சொல்லவில்லை. வீட்டுக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரகீமா இசகோவ்னாவிடம் போனேன். அவர் முதலில் சொன்னது இது: "புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்லுன்னு பொண்டாட்டியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அது சட்டம் உனக்குக் கொடுத்த உரிமை. நான் எசெனுக்கு வக்கீல், ஆனா இதை உன்கிட்ட மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் யோசி." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு உரிமை என்று ஒன்றை யாரும் கொடுத்ததில்லை. கடைசியில் கொடுத்தது வாயை மூடிக்கொண்டிருக்கிற உரிமை.

அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கணவாய் தாண்டி ஓஷுக்கு வந்து, அந்தப் பேனா கடிக்கிறவன் முன்னால் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். அமானத் என்பதற்கு என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டேன். "அமானத்துன்னே எழுதுங்க, மொழிபெயர்க்காதீங்க" என்றார் ரகீமா. அப்படியே எழுத வைத்தார். சின்னம்மாவிடம் கிழிந்த மெத்தையைக் காட்டினார்கள், தன் தையலை அடையாளம் சொன்னாள். ஷெர்மத்தும் நீயும் பேசிய போன் கணக்கு வந்தது. சிநேகிதனைப் பிடித்ததும் அவன் ஒரு நிமிஷம்கூட யாரையும் மறைக்கவில்லை. ஷெர்மத்தைக் கடையிலிருந்தே கூட்டிப் போனார்கள். நீ மறைத்த பெயரை நான் சொல்லிவிட்டேன். இனி நீ சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே அய்கெரிமே தோடுகளைக் கழற்றி சாப்பாட்டு விரிப்பின் மேல், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சம்பந்தியம்மா போன பிறகு அய்கெரிம் என்னைப் பார்த்து, "உன் தம்பியை வாங்கறதுக்கு எங்க அப்பாவை வித்துட்டே"ன்னு சொன்னாள். இப்போது சிநேகிதி வீட்டில் இருக்கிறாள். போன் எடுப்பதில்லை.

ரகீமா உன்னைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்கிறார். அந்த அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை. சிமெண்டில் படுத்துப் படுத்து உன் முதுகு போயிருக்கும். சீர் மெத்தைகள் இங்கே யாருக்கு? ஒன்றை அக்மத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ வெளியே வந்ததும் ஸ்டாண்டில் தருவான். வெளியில் தைத்தது இல்லை, இது நான் தைத்தது.

என்னை நீ அப்படி நினைத்ததை மன்னிக்க எனக்கு மனது வரவில்லை. பொய் சொல்வானேன்.

அக்கா


ஓஷ்
ஜூன் 23

அக்கா,

போன வாரம் விட்டுவிட்டார்கள். கேசில் என் பெயரை எடுத்தாயிற்று, இப்போது நான் சாட்சி. போனில் கூப்பிட்டால் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

அய்கெரிமுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்பாவை யாரும் விற்கவில்லை, அவர்தான் முதலில் உன் மெத்தையை விற்றார் என்று எழுதிவிட்டு, கிழித்துப் போட்டேன். அந்தப் பெண்ணிடம் போய் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? கோர்ட்டில் அத்தான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதே எனக்குப் போதும்.

நேற்று ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லோரும் கட்டிப் பிடித்தார்கள், ஒருவன் தேநீர் வாங்கி வந்தான். அக்மத் டிக்கியைத் திறந்து நீ கொடுத்த மெத்தையை எடுத்தான். இரண்டு கையாலும் ஏந்தி, "உங்க அக்கா கொடுத்த அமானத்" என்று நீட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நெஞ்சில் கைவைக்க வேண்டும், வாங்க வேண்டும்.

நான் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தேன். அக்மத்தின் கையில் இருக்கும்போதே தையலைக் கிழித்தேன். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரைக்கும் கிழித்து, உள்ளே முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். தேநீர் வாங்கி வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்மத் உன்னிடம் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கம்பளிதான் இருந்தது, அக்கா. நல்ல கம்பளி. ராத்திரி பூராவும் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், திரும்பத் தைக்க எனக்கு வரவில்லை.

எசென்